பதினெட்டு இலக்கமும் ஒரு சம்பந்தமும்

சேசு மரி சூசை

சாந்தோம், 15-2-43

அன்புள்ள மைத்துனர் பவுல்சாமி அவர்களுக்கு,

ஆம்ப்ரோஸ் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அக்காள் மர்சலினும் மகள் ஆனியும் தேவகிருபையால் சுகம். தஞ்சையில் எல்லோர் சுகத்துக்கும் மாதாவை வேண்டுகிறோம்.

நீங்கள் பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை ஸ்தனிஸ்லாஸும் அவர் தாயாரும் நேற்று ஞாயிறு மாலை பெண் பார்க்க வந்தார்கள். சம்பந்தம் முறிந்தது. அது கிடக்கட்டும், அதைவிடப் பெரிய சமாச்சாரம் கேளுங்கள்: 105263157894736842! ஆனி இரண்டைப் பத்தொன்பதால் தசமப் புள்ளி வைத்து வகுத்துக்கொண்டே போயிருக்கிறாள், பதினெட்டு இலக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்தே அதே வரிசை வருகிறதாம், அந்தப் பதினெட்டில் கடைசியில் நிற்கும் 2-ஐ மட்டும் பிடுங்கி முன்னால் வைத்தால் 210526315789473684, சரியாக இருமடங்கு, நானே மூன்று தரம் பெருக்கிப் பார்த்துவிட்டேன்! யுத்தத்தில் காகிதம் கிடைக்கிற லட்சணம் தெரியுமே, அடுப்புக்கரியால் இரண்டு எண்ணையும் மதில்சுவரில் தெருப்பக்கமாக எழுதிவிட்டாள்.

வந்தவர்கள் கேக்கை வாயருகே கொண்டுபோகும் சமயம், விமானக் குண்டுவீச்சுக்குக் காவல் பார்க்கிற ஏ.ஆர்.பி. வார்டன் துரைராஜ் இன்ஸ்பெக்டர் அன்வர் பாஷாவோடு உள்ளே நுழைகிறார். "இவுங்க செவுருதான் சார். ஜப்பான்காரனுக்கு சேதி எழுதிக் கீது!"

"யார் எழுதினது? சொல்லலேன்னா எல்லாரும் ஸ்டேஷனுக்கு வரணும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆனி எழுந்தாள். "நான்தான் சார். மேல் வரிசையை ரெண்டால பெருக்கிப் பாருங்க."

எல்லோரும் தெருவுக்கு வந்தோம். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கரியை வாங்கிச் சுவரில் பெருக்க ஆரம்பித்தார். முடிந்ததும், "யா அல்லா, அப்படியே வருதேம்மா!" என்று கத்திவிட்டார். துரைராஜுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "அப்போ குண்டு கிண்டு ஒண்ணும் இல்லியா?"

மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். தானும் பெருக்குகிறேன் என்று போய், ஈரெட்டுப் பதினாறில் ஆறை எழுதி, மீதி ஒன்றை விட்டுவிட்டு, "கணக்கு தப்பு" என்றார். "கணக்கு சரி. நீங்கதான் மீதியை விட்டுட்டீங்க" என்றாள் ஆனி, இன்ஸ்பெக்டர் எதிரிலேயே! அவ்வளவுதான். தாயார், "பொண்ணா இது? வாடா போலாம்" என்று மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். மர்சலின் அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கானால் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போலீஸுக்கே பயப்படாமல் கணக்குச் சொன்ன பெண்ணைக் காலேஜில் கணக்கு படிக்கவைக்கப் போகிறேன். இனி வேறு வரன் பார்க்கவே வேண்டாம், இது என் முடிவு.

பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு என் ஆசீரைச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஆம்ப்ரோஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ஸ்தனிஸ்லாஸ் தனியாக வந்து, "மீதியை விட்டது நான்தான்" என்றார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். கல்யாணம் காலேஜ் முடிந்த பிறகாம், அவரே சொல்கிறார், தாயாரைச் சம்மதிக்க வைப்பதும் அவர் பொறுப்பாம். இரண்டு பேரும் இப்போது அதேபோல் கடைசி இலக்கத்தை முன்னால் வைத்தால் மும்மடங்காகிற எண்ணைத் தேடுகிறார்கள். அதற்கு இருபத்தெட்டு இலக்கமாம். எங்கள் மதில் போதாது; பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கப் போயிருக்கிறார்கள்.