எல்லோருக்கும் ஒரு குரி

கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்த பாவி நான். அந்த ஒரு குற்றத்துக்கே என்னைத் தமிழ்நாட்டு எல்லையான அத்திபெலேயில் இறக்கிவிட்டிருக்கலாம். பெங்களூர் பெரிய மனசு பண்ணியது.

பள்ளி ஆலோசகர்கள் நாற்பது பேருக்கு, பிள்ளைகளுக்குத் தொழில் வழி காட்டுவது எப்படி என்று பயிற்சி. மாலையில் அவர்கள் சம்மதித்தால்தான் நான் போட்ட திட்டம் அவர்களுடைய பள்ளிகளுக்குப் போகும். இல்லையென்றால் என் ஒரு வருட உழைப்பு பழைய பேப்பர் கடைக்கு.

பயிற்சிக்கு முந்தின நாள், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த என் மனைவி, "ஒரு தடவ படிச்சுக் காட்டுங்களேன்" என்றாள்.

"கவிதைய யாரும் திருத்தக் கூடாது." (அப்போது வசனகவிதை எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் தடுக்கவில்லை.)

மேடையேறிக் கன்னடத்தில் முழங்கினேன். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குரி வேண்டும், அதாவது இலக்கு. அது கனவிலும் வர வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை என்பதற்காகச் சின்னக் குரியாகக் கொடுக்காதீர்கள்.

அரங்கமே மூச்சடங்கியது. சொக்கிப்போனார்கள் என்று நினைத்தேன்.

அத்திபெலே பக்கத்துப் பள்ளி ஆலோசகர் மஞ்சுளா எழுந்தார். "ஒந்து சாக்கா, சார்?" ஒன்று போதுமா என்று கேட்கிறார்.

"மொதல்ல ஒண்ணு. அத விடாமத் தொரத்தணும்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. மஞ்சுளா தமிழுக்கு மாறினார். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். காலைலருந்து நீங்க சொல்றது செம்மறி ஆடு."

கன்னடத்தில் குரிக்குத் தங்கத்தில் வருகிற 'க' போட்டால் இலக்கு. கல்லில் வருகிற 'க' போட்டால் ஆடு. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'கு'. நான் கல்லை எடுத்திருந்தேன்.

மஞ்சுளா உட்காரவில்லை. "ஆனா சார், என் ஸ்கூல்ல ஒம்பதாவது பொண்ணு ஒருத்திக்கு நெஜமாவே ஆடுதான் வேணும். ஒங்க சார்ட்ல அவளுக்கு எடமே இல்லியே."

என் சார்ட்டில் அறுபது தொழில்களுக்கு அறுபது கட்டங்கள். ஆடு மேயக்கூட ஓரிடம் இல்லை.

பையிலிருந்து ஒரு நோட்டை நீட்டினார். பிள்ளைக்கு ஒரு பக்கம்: யாரைப் பார்த்தாள், என்ன கேட்டாள், அடுத்து யாரைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணைச் சனிக்கிழமைகளில் கால்நடை ஆஸ்பத்திரிக்கு இவரே கூட்டிப்போயிருக்கிறார். அவள் டாக்டரிடம் கேட்டது: 'ஆட்டுக்கு வலிக்கிறது என்று எப்படித் தெரியும்?' அந்த வரியில் என் கண் நின்றது. மழைக்குப் பிறகு திடீரென வானம் உயர்ந்துவிட்டது போல இருந்தது. என் ஒரு வருடத் தாள்களில் ஒரு குழந்தையின் கேள்விகூட இல்லை.

மதியம் மஞ்சுளா வகுப்பெடுத்தார். நான் கடைசி வரிசையில் குறிப்பெடுத்தேன். மாலையில் நாற்பது பேரும் சம்மதித்தார்கள், அந்த நோட்டுக்கு. இன்றும் அந்தப் பள்ளிகளில் திட்டம் அதன்படிதான் நடக்கிறது. அந்தப் பெண் இப்போது கால்நடை டிப்ளமோ படிக்கிறாள்.

என் மகள் பத்தாவது. அடுத்து என்ன என்று நான் வாயெடுத்தால் போதும், அடுக்களையிலிருந்து மனைவி "மே" என்பாள். மகள் தலைநிமிராமல் சொல்வாள்:

"மேய்ஞ்சிட்டிருக்குப்பா. தொரத்தாதீங்க."