வாயை மூடினால் கேட்கும் மெஷின்

ஓடென்சே,
மே 9

அன்பும் மரியாதையும் மிக்க எடித் அக்காவுக்கு,

தம்பி ஹோல்கர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஊல்லாவும் சுகம். அங்கே உன் முழங்காலும் அத்தானும் தொந்தரவில்லாமல் இருப்பார்கள் என நம்புகிறேன்.

உன் எண்பதாவது பிறந்தநாள் விருந்தில் வழக்கம்போல நான்தான் வாழ்த்துரை வழங்குவேன் என்பதை முதலில் உறுதிப்படுத்திவிடுகிறேன். நாற்பது நிமிடம் தயார். என் காது மெஷினைப் பற்றி என் வீட்டுக்காரி ஊல்லா போனில் என்ன சொல்லியிருந்தாலும் நம்பாதே. முப்பத்தோரு வருடம் காது மெஷின் கம்பெனியில் காதுக்குள் பசை ஊற்றி அச்சு எடுத்தவன் நான். அவரவர் காதுக்கு அளவெடுத்துச் செய்தால்தான் சத்தம் இயற்கையாகக் கேட்கும் என்று ஊருக்கே சொன்னவன். எனக்கே காது மந்தமானதும் அச்சு எடுக்க வந்தவள் யார் தெரியுமா, நான் தொழில் கற்றுக்கொடுத்த ரிக்கெ. காதுக்குள் பசையை ஊற்றிவிட்டு, "சார், தாடை அசையணும், ஏதாவது பேசிக்கிட்டே இருங்க" என்கிறாள். என் பாடத்தை என்னிடமே ஒப்பிக்கிறாளே என்று கோபம் வந்து, பசை இறுகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றாள்.

மெஷின் வந்தது. கச்சிதமாகப் பொருந்தியது. என் கோட்டின் உரசல்கூட கோட்டின் உரசலாகவே கேட்டது. பிரமாதம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், கூவென்று விசிலடித்தது. வாயை மூடி எடுத்த அச்சு அல்லவா, தாடை அசைந்ததும் காதுக்குழாய் விரிகிறது, இடைவெளி விழுகிறது, கசிந்த சத்தம் திரும்ப உள்ளே நுழைந்து ஊளையிடுகிறது. கெட்டியான ரை ரொட்டியை மென்றால் விசில். கொட்டாவிக்கு நீளமான விசில். பக்கத்து வீட்டு நாய் வேலியைத் தாண்டி வந்து என் காலடியில் உட்கார்ந்துவிட்டது. வாயை மூடியிருக்கும்வரை மட்டும் உலகமே தெளிவாகக் கேட்கிறது. வேறு அச்சு எடுக்கலாமே என்பாய். ரிக்கெயிடம் போய்த் தோற்றேன் என்பதா? அது நடக்காது. விருந்தில் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுப் பேசுவேன். பேசுகிறவனுக்குக் காது எதற்கு?

அத்தானுக்கு என் வணக்கம். நீ இன்னும் இருபது வருடம் இதே அதிகாரத்தோடு இருக்க வேண்டும் என விரும்பும்,

உன் தம்பி ஹோல்கர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஊல்லா இதைப் படித்துவிட்டாள். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "வாயைத் திறக்காம கேளுங்க. திறந்தா விசில் காட்டிக் கொடுத்துடும்" என்றாள். சமையலறை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தாள். உன் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் எழுதிய வாழ்த்துரையாம். அன்றும், எழுபதிலும் நான் முந்திக்கொண்டேனாம். எட்டே நிமிடம், முழுக்க உன்னைப் பற்றி. அம்மாவின் கடைசி மாதத்தில் தினமும் ரயிலேறி வந்து அவருக்குத் தலைவாரிவிட்டாயே, அதுவும் அதில் இருக்கிறது. என் உரையை எடுத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் நீ இரண்டு இடத்தில்தான் வருகிறாய். ஊல்லாவின் குரல் இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, அக்கா. விருந்தில் அவள்தான் பேசுவாள். ஊல்லா விசில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள் போல, புது அச்சு எடுக்க வரச் சொல்லி ரிக்கெ இன்று போன் செய்தாள். விருந்து முடியட்டும், அதுவரை இந்த மெஷின்தான் வேண்டும், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.