தலையாட்டியது மெஷின்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், கழுத்தும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் கேட்டுக்கொள்கிறேன்; இன்றும் கேட்டாயிற்று.

தொலைபேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ நான்கு தடவை "சரிம்மா" என்பாய். கடிதத்துக்குள் அப்படி நுழைய முடியாது. ஆகவே கவனமாகப் படி. வரும் சனிக்கிழமை என் சாமான்களை ஏற்ற வரும் லாரியை வேண்டாம் என்று சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில், உங்களோடு வந்து இருக்கச் சம்மதமா என்று கேட்டபோது தலையாட்டியது நான் இல்லை. கழுத்து வலிக்கென்று நீ வாங்கி அனுப்பிய மெஷின்.

என்னை உனக்குத் தெரியும். கான்வென்ட்டில் பதினோரு வருடம் தலையில் அகராதியை வைத்துக்கொண்டு நடந்தவள் நான். கேட்ட கேள்விக்கு வாயைத் திறந்து முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும், தலையாட்டுவது வண்டி மாட்டின் வேலை என்று எங்கள் சிஸ்டர் சொல்வார். உன் அப்பா என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டபோதுகூட, "எனக்குச் சம்மதம், ஆனால் முதலில் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடுங்கள்" என்று எழுவாய் பயனிலையோடு சொன்னவள்.

அந்த மெஷின் குதிரை லாடம் போலக் கழுத்தில் உட்காருகிறது. பின்பக்கம் இரண்டு உலோக வில்லைகள். அவை வழியாக மின்சாரம் சதையைச் சுண்டி இழுக்கிறது. பொத்தானை அழுத்தினால் எத்தனையாம் நிலை என்று உள்ளேயிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் அறிவிக்கிறாள், உச்சரிப்பு சுமார். கூட வந்த சிறு புத்தகத்தை முழுக்கப் படித்து, பதினேழு பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திய பிறகே மாட்டினேன். ஈரத் துணியால் கழுத்தைத் துடைக்க வேண்டும், பதினைந்து நிமிடத்துக்கு மேல் கூடாது, பயன்படுத்தும்போது பேசக் கூடாது என்று போட்டிருக்கிறது. மூன்றையும் அப்படியே கடைப்பிடிக்கிறேன். ஒன்றாம் நிலையில் தொடங்கு என்பதை மட்டும் விட்டுவிட்டேன். எனக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பழக்கமில்லை. நேராக ஏழு. முதல் நாள் இடது தோள் காதுவரை ஏறியது. கையிலிருந்த காபி சுவரில் மாட்டியிருந்த உன் பட்டமளிப்புப் படத்தின் மேல் போய் விழுந்தது. எவ்வளவு துடைத்தும் உன் முகம் மட்டும் கொஞ்சம் பழுப்பாகவே இருக்கிறது. இரண்டாம் நாள் தோள் அடங்கியது, தலை ஆரம்பித்தது. மூன்று நொடிக்கு ஒரு தரம் முன்னால் போய்ப் பின்னால் வரும். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: பத்து நாளில் வலி பாதிக்கு மேல் போய்விட்டது. இப்போது இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துத் தெருவைக் கடக்கிறேன்.

தொந்தரவு வலியால் இல்லை, வருகிறவர்களால். புதன்கிழமை மாடி வீட்டு மீசைக்காரர் குடியிருப்போர் சங்கத்து நோட்டோடு வந்தார். "மேடம், செயலாளர் பதவிக்கு ஆளே கிடைக்கலை. நீங்க எடுத்துக்கறீங்களா?" நான் ஏழாம் நிலையில் இருந்தேன், பேசக் கூடாது. தலை போய் வந்தது. "ஒரு தடவை கேட்டதுக்கு நாலு தடவை ஆட்டறீங்களே, இவ்வளவு ஆசையை இத்தனை நாள் எங்க வெச்சிருந்தீங்க?" என்று பெயரை எழுதி, நோட்டையும் என்னிடமே வைத்துவிட்டுப் போய்விட்டார். சனிக்கிழமை, குளியலறைக் குழாய் ஒழுகுகிறதென்று பிளம்பர் வந்தார். "அம்மா, துளை போடணும். சமையல் மேடைகிட்ட இருக்கற பிளக்கைக் கழட்டிக்கவா?" தலை போனது. "இந்தக் குழாயும் பழசுதான். மாத்திடவா?" தலை வந்தது. "அப்ப சமையலறைக் குழாய்?" பதினைந்து நிமிடம் முடிந்து நான் வாயைத் திறந்தபோது வீட்டில் பழைய குழாய் ஒன்றுகூட மிச்சமில்லை. கேட்டால், "நீங்கதானேம்மா பூம்பூம் மாடு மாதிரி ஆட்டினீங்க" என்கிறார். யாரை? என்னை!

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வா. நீங்கள் வீடியோவில் வந்தபோது மெஷின் என் கழுத்தில்தான் இருந்தது. சால்வை மூடியிருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. பொத்தானையும் அழுத்தியிருந்தேன். அந்தப் பெண் அறிவித்தது காதில் விழவில்லை. நீங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் குரல்தான் விழும்? சுண்டி இழுப்பதுகூடத் தெரியவில்லை, பழகிவிட்டது. உன் அப்பா போன இந்த ஆறு வருடமாகப் பாடும் பாட்டை நீ ஆரம்பித்தாய். "தனியா இருந்து எங்கயாவது விழுந்து வெச்சீங்கன்னா யாரும்மா பார்ப்பா?" நல்லவேளையாக அப்போது தலை அசையவில்லை. உடனே மருமகள் உன்னை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "அத்தை, அவரை விடுங்க. நீங்க வந்தா எனக்குப் பேச ஒரு ஆள் கிடைக்கும். இந்த வீட்டுல ஒருத்தரும் ஒரு வாக்கியத்தை முழுசாப் பேசறதில்லை. வந்துடறீங்களா?" அப்போதுதான் மெஷின் ஆட்டியது. ஒரே ஒரு முறை. நீ கைதட்டினாய், பேத்தி கட்டிலை நகர்த்த ஓடினாள். மெஷினின் ஒரு அசைப்புக்காக நான் வீட்டைக் காலி செய்ய முடியுமா? கழுத்து சரியாகிவிட்டது, குழாய்கள் புதிது, செயலாளர் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நான் இங்கேதான் இருப்பேன்.

மூவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, நீண்ட நாள் சுகமாக இருங்கள்.

இப்படிக்கு,
வாயால் பதில் சொல்லும் உன் அம்மா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பதினைந்து நிமிடம் போட்டுக்கொள்ளலாம் என்று மெஷினை எடுத்தேன். பொத்தானை அழுத்தினால் உள்ளேயிருக்கும் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. போய்ப் பார்த்தால், பிளம்பர் கழற்றிய பிளக் மிக்ஸிக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது. மெஷினுக்குத் தினமும் சார்ஜ் ஏற்றும் பிளக் அது. சனிக்கிழமை குழாய்களோடு மெஷினின் உயிரும் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் கழுத்தில் இருந்தது வெறும் லாடம்.

எழுதிய கடிதத்தைக் கிழிக்கும் பழக்கம் எனக்கில்லை; இதையும் சேர்த்தே கூரியரில் அனுப்புகிறேன். என் அலமாரிக் கண்ணாடியைப் போர்வையில் சுற்றி நிமிர்த்தி வைக்கும்படி லாரிக்காரரிடம் சொல். சங்கத்து நோட்டை இப்போதுதான் மாடியேறிப் போய் மீசைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். மருமகளிடம் மேலே உள்ள எதையும் காட்டாதே. அவள் கேட்டதற்குப் பதிலை மட்டும் படித்துக் காட்டு: ஆம், நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.