பச்சைக்கல்லில் ஒரு மேடு

திரையில் மறுபடியும் அதே மேடு எழும்பியது. பொன்ராஜ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

தி.நகரில் மூன்றாம் மாடியில் ஒரு ரத்தினப் பரிசோதனைக் கூடம். கற்களின் மேல் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, கணினியில் விழும் கோட்டின் மேடு பள்ளங்களைப் பார்த்து ஜாதகம் சொல்வது அவன் வேலை. தாரணியின் மோதிரத்தில் இருந்த பச்சைக்கல் ஆம்ஃபிபோல் என்ற கனிம வகை, அசல் ஜேடு ரத்தினம். அதற்கு உரிய மேடுகள் எல்லாம் அச்சாக இருந்தன. கூடவே அழையா விருந்தாளியாக எண்ணெயின் மேடும் வந்து உட்கார்ந்திருந்தது. எண்ணெய் தெரிந்தால் சான்றிதழ் கொடுக்க முடியாது.

"இன்னிக்கும் இல்லையா சார்?" என்றாள் எதிரே இருந்த தாரணி. மயிலாப்பூரில் கணக்கு டீச்சர். சிங்கப்பூர் சித்தி கொடுத்த கல்லை வெறும் கண்ணாடி என்கிறாள் அம்மா. அசல் என்று நிரூபிக்க வந்திருந்தாள்.

"எண்ணெய் தெரியுதுங்க. சோப்பு போட்டு நல்லாக் கழுவி அடுத்த சனிக்கிழமை கொண்டு வாங்க. இங்க கழுவக் கூடாது."

அது முதலாளி சுப்பராயனின் சட்டம். ஒருமுறை கழுவப்போய், யாருடைய வைரமோ வாஷ்பேசின் வழியாக அடையாற்றுக்குப் போய்விட்டது.

"போன வாரமும் கழுவினேனே" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பொன்ராஜுக்கு அடுத்த சனிக்கிழமை வரை சோறு இறங்காது. அசோக் நகரில் வீட்டை வைத்துக்கொண்டு, மயிலாப்பூர் பஸ்ஸில் ஏறி, எங்காவது தென்படுவாளா என்று ஜன்னலில் எட்டிப் பார்த்து, ஊரெல்லாம் சுற்றி வீடு சேர்வான். சான்றிதழ் கைக்குப் போனால் அவள் வருவது நின்றுவிடும். ஆனாலும் வேலையில் ஏமாற்ற அவனுக்கு வரவில்லை.

மற்றவர்கள் கல்லுக்கு வராத மேடு, அவள் எதிரே இருந்தால் மட்டும் வருகிறது. அவளைப் பார்த்த பதற்றத்தில் நாம்தான் தலையைக் கோதிவிட்டுக் கல்லைத் தொடுகிறோம் என்று தீர்மானித்தான்.

தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினான். முடி துடைப்பமாக நின்றது. தாரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேடு அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் சாமி விளக்கை அணைத்தான். "ஏம்ப்பா, தொழில் விளங்கணுமா வேண்டாமா?" என்று சுப்பராயன் சத்தம் போட்டார். மேடு சற்று உயர்ந்திருந்தது.

அதற்கடுத்த வாரம் சாயங்கால பஜ்ஜியைத் தடை செய்தான். ஆபீஸே அவனோடு பேச்சை நிறுத்தியது. மேடு மலையாகிவிட்டது.

சுப்பராயன் அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "ஒரு கல்லுக்கு எத்தனை சனிக்கிழமைப்பா? இவங்களை வேற லேபுக்கு அனுப்பிடு."

தாரணியின் முகம் வாடியது. "அப்போ இனிமே நான் வர வேண்டாமா சார்?"

வாருங்கள், தினமும் வாருங்கள் என்று சொல்லத்தான் நினைத்தான். "அடையாறுல ஒரு லேப் இருக்குங்க" என்றுதான் வாய் சொன்னது. அவள் மோதிரத்தை மாட்டிக்கொண்டு போனாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளைக் கீழே இறக்கிவிட்டு, லிஃப்ட் ஓட்டும் தேசம்மா டம்ளர்களை எடுக்க உள்ளே வந்தாள்.

"இன்னா நைனா, மூஞ்சி தொங்கிப் போய் கீது?"

"அந்த எண்ணெய் எங்கேருந்து வருதுன்னே கண்டுபிடிக்க முடியல தேசம்மா. பாவம், அவங்க ஒவ்வொரு வாரமும் கழுவிக் கழுவிக் கொண்டு வந்தாங்க."

"அந்தப் பொண்ணா கழுவுச்சு? லிஃப்ட்டுல ஏறசொல்லோ வாராவாரம் மோதிரத்தக் கழட்டித் தலையில நல்லாத் தேய்ச்சிக்கினுதான நைனா வரும் அது."