எங்கள் கம்ப்யூட்டர் சொன்ன ஏழு

செயின்ட் பால், மின்னசோட்டா
பிப்ரவரி 7, 1959

அன்புள்ள சிக்னே அக்காவுக்கு, தங்கை தோரா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே பனி முழங்கால் வரை. அதற்கு மேற்பட்ட பாகம் நலம். டுலூத்தில் நீயும் அத்தானும் ஏரிக்காற்றுக்குத் தப்பி நலமாயிருக்க வேண்டும். மாடியறையை எனக்கு ஒழித்து வை. வேலையை விடப்போகிறேன்.

எங்கள் கம்பெனி செய்த முதல் கம்ப்யூட்டருக்கு வகுத்தல் பகுதியை வரைந்தவள் நான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாயே, அதில்தான் வினை. எதையாவது பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் அது மணியடித்து நின்றுவிட வேண்டும். நான் ஒரு கம்பியை மாற்றி வரைந்துவிட்டதால், "ஏழு" என்று விடை சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது கம்ப்யூட்டர் முதலாவதைப் பார்த்துச் செய்தது. அதுவும் ஏழு என்றது. இப்போது மூன்றாவது, வால்வுகள் போய் டிரான்சிஸ்டர் வந்து, பிழையே இல்லாமல் பிறந்திருக்கிறது. பழையதில் ஓடியதெல்லாம் இதிலும் ஓடும் என்று வாக்குக் கொடுத்து விற்கிறோம். போன வியாழன் மாவு மில் லண்ட்கிரென் தன் ப்ரோகிராமைத் துளையிட்ட அட்டைக்கட்டோடு வந்தார். போட்டதும் மணி. மறுபடியும் மணி.

"என்னம்மா, சர்ச்சா நடத்துறீங்க? பழசு சமத்தா ஏழுன்னு சொல்லுமே!" என்றார். மில் ஓடாத நாளில் தவிட்டை மூட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், மூட்டை பூஜ்யம். ஏழு வந்தால் அன்றைக்கு விடுமுறை என்று ப்ரோகிராமே எழுதி வைத்திருக்கிறார்கள். விசாரித்தால் பாதி வாடிக்கையாளர்களிடம் இதே கதை.

"யாரு பண்ணின வேலை இது?" என்றார் மேலாளர் டாக்கெட். கையைத் தூக்கினேன்.

"நல்லதாப் போச்சு. எப்படித் தப்பா வரும்னு உனக்குத்தானே தெரியும்? புதுசுலயும் அதே தப்பைப் பண்ணிக் குடு, தோரா. பிசகாம பண்ணணும்!"

அந்தத் தப்பைச் செய்வதற்கென்றே புதுக் கம்ப்யூட்டரோடு இணைக்க பீரோ அளவில் தனிப் பெட்டி. "கதவுல உங்க பேரைப் போட்டுடலாமா, மேடம்?" என்று பக்கத்து மேஜை எல்மர் கேட்கிறான். அக்கா, நான் சரியாகச் செய்த நூறு வேலைகளுக்கு எவரும் பெட்டி செய்யவில்லை. நாற்பத்தாறு வயதில் யோசித்துப் பார்க்கிறேன், உலகத்துக்கு நான் விட்டுப்போவது ஒரு தப்பான ஏழுதானா? மானம் போவதற்கு முன்னால் மரியாதையாகக் கிளம்பிவிடலாம் என்றிருக்கிறேன். திங்கட்கிழமை பெட்டியை ஒப்படைத்ததும் ராஜினாமா.

அத்தானுக்கு என் அன்பு. உன் முழங்கால் வலி பனியோடு கரையட்டும்.

உன் தங்கை,
தோரா

பி.கு.: நல்லவேளை, கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. திங்களன்று பெட்டியை இணைத்து ஓட்டினோம். எட்டு என்றது. என் தப்பைக்கூட எனக்குச் சரியாகச் செய்ய வரவில்லையே என்று கூசி நிற்கிறேன், பார்க்க வந்திருந்த காப்பீட்டுக் கம்பெனிக்காரர், "எட்டு எங்களுக்கு இன்னும் வசதி. அப்படியே இருக்கட்டும்" என்று கம்ப்யூட்டர் வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மில்லுக்கு ஏழு, அவருக்கு எட்டு. இனி பிறக்கும் கம்ப்யூட்டரெல்லாம் இரண்டையும் சொல்லியாக வேண்டுமாம். அதற்கென்று ஒரு துறை, அதற்கு நான் தலைவி, எனக்குக் கீழே இரண்டு பேர். மாடியறையை வேறு யாருக்காவது விட்டுவிடு.