ஒழுகும் கூரையும் ஒரு வாய்ப்பே

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் பதிவறையில் ஒன்பது இடங்களில் ஒழுகியது. பதிவறைக்காரர் ஒன்பது இடத்துக்கும் ஒன்பது வாளி வைத்திருந்தார். பத்தாவதாக ஓர் இடம், பிறப்புப் பதிவேடுகள் இருந்த அலமாரிக்கு நேர் மேலே, ஈரம் கோத்து உப்பிக்கொண்டிருந்தது. அடுத்த பெருமழைக்கு அது தாங்காது. அலமாரியோ சுவரோடு பதித்தது. பதிவேடுகளை அறையை விட்டு வெளியே எடுக்க வேண்டுமென்றால் மேலிடத்து உத்தரவு வேண்டும்.

ஒரு பக்கம் கரைந்தால் நாற்பது பேர் பிறக்கவில்லை என்று ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள், பாஸ்போர்ட் தர மாட்டார்கள். இந்தக் கவலையில் பதிவறைக்காரர் பத்தொன்பது மனு எழுதியிருந்தார். பத்தொன்பதுக்கும் "கவனிக்கப்படும்" என்று பதில் வந்தது. சொன்ன சொல் தவறாமல் கவனித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

இருபதாவது மனுவோடு மேலதிகாரியின் அறைக்குப் போனபோது, அவர் மனுவை வாங்காமல் ஒரு சுற்றறிக்கையை நீட்டினார்.

"ஊழியர்களின் உள்ளார்ந்த ஆற்றலை வெளிக்கொணரும் பொருட்டு, தமக்கு ஒரு வாழ்க்கைப் பயிற்றுநர் தேவையா என்பதை ஒவ்வொருவரும் முழுச் சுதந்திரத்துடன், வெள்ளிக்கிழமைக்குள், கட்டாயமாக முடிவு செய்தல் வேண்டும். தேவை என்போர் படிவம் அ. தேவையில்லை என்போர் படிவம் ஆ. தேவையில்லை என்று தமக்கு ஏன் தோன்றுகிறது என்பதைத் தெளிந்துகொள்ளும் பொருட்டு, இவர்களுக்கு ஒரு பயிற்றுநர் அனுப்பப்படுவார்."

"சார், கூரை..."

"முதல்ல நீங்க. அப்புறம்தான் கூரை."

"நான் ஒழுகலையே சார்."

"உள்ளுக்குள்ள ஒழுகுதோ என்னவோ, யார் கண்டா? கோச் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் இனிமே எந்த மனுவும் மேல போகும்."

வீட்டில் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கோச்சுன்னா என்னங்க பண்ணுவார்?"

"பதில் சொல்ல மாட்டாராம். கேள்வி மட்டும்தான் கேப்பாராம். பதில் நமக்குள்ளேயே இருக்காம்."

"நானும் முப்பது வருஷமாக் கேள்விதான் கேக்கறேன். ஒண்ணுக்காவது உங்களுக்குள்ளேருந்து பதில் வந்திருக்கா?"

"அவர் அதுக்குன்னு படிச்சவரும்மா."

"எத்தனை வருஷம்?"

"ரெண்டு நாள். மதியச் சாப்பாடோட."

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "பல் வலிச்சா பல் டாக்டர். மனசு சரியில்லைன்னா அதுக்கும் ஒரு டாக்டர் இருக்கார். இவர் யாருக்கு?"

"ஒரு கோளாறும் இல்லாதவங்களுக்காம்."

"அப்ப உங்களுக்கு வேணாம்" என்று முடித்துவிட்டாள்.

அவர் படிவம் ஆ கொடுத்தார். ஆகவே திங்கட்கிழமை கோச் பதிவறைக்கே வந்துவிட்டார். வெள்ளைக் காலணி, கத்தரித்த தாடி, கையில் ஒரு சக்கரப் படம். சக்கரத்தில் குடும்பம், உடல்நலம், மகிழ்ச்சி என்று எட்டுத் துண்டுகள். கூரை எந்தத் துண்டில் வரும் என்று பதிவறைக்காரர் தேடிப் பார்த்தார்.

"என்ன தேடறீங்க?"

"என் பிரச்சினையை சார்."

"பிரச்சினைன்னு சொல்லக் கூடாது. வாய்ப்புன்னு சொல்லணும்."

"சரி சார். ஒன்பது வாய்ப்பு ஒழுகுது. பத்தாவது வாய்ப்பு இடிஞ்சு விழப்போகுது."

"அதை நினைச்சா என்ன தோணுது?"

"பயமா இருக்கு."

"அந்தப் பயம் எங்கே இருக்கு? நல்லா உள்ளே பாருங்க."

"அலமாரியில, மூணாவது தட்டுல."

அப்போது கோச்சின் உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? நான் கூரையை மாத்தலை. என்னை மாத்திக்கிட்டேன்."

"பதிவேட்டுக்கு நகரத் தெரியாதே சார்."

இப்படிப் பத்து அமர்வுகள் நடந்தன. பத்தாவது நாள் கோச், "உங்க மனுவுல கையெழுத்துப் போட்டுடறேன். எனக்கு ஒரு சின்ன வேலை ஆகணும். வெளிநாட்டு மாநாட்டுக்குப் போறேன், பிறப்புச் சான்றிதழ் வேணும்" என்றார்.

பதிவறைக்காரர் பதிவேட்டை எடுத்தார். கோச்சின் பெயர் இருந்த பக்கம் ஏற்கெனவே ஈரத்தில் ஒட்டி, மை பரவி, நீலமாகக் கிடந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார். ஆனால் பத்து நாள் சகவாசம், நாக்கில் வேறொன்று வந்துவிட்டது.

"நீங்க பிறந்திருக்கீங்கன்னு உங்களுக்கு ஏன் தோணுது?"

"விளையாடாதீங்க."

"பிறக்காம இருக்கறதுல என்ன வாய்ப்பு இருக்குன்னு யோசிச்சீங்களா?"

"யோவ், எனக்குக் கேள்வி வேணாம்யா! பதில் வேணும்!"

சத்தம் கேட்டு மேலதிகாரி ஓடி வந்தார். கோச் மேசையைக் குத்திக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் இந்த அலுவலகத்தில் வெளிக்கொணரப்பட்ட முதல் உள்ளார்ந்த ஆற்றல் அதுதான். அதை வெளிக்கொணர்ந்தவர் பதிவறைக்காரர் என்பதற்கு மேலதிகாரியே சாட்சி. மேலும், பிறந்ததற்கு ஆதாரம் இல்லாத ஒருவர் பணியில் தொடர விதியில் இடமில்லை. ஒன்றாம் தேதி முதல் பதிவறைக்காரரே அலுவலகத்தின் கோச் ஆனார்.

கீழ்த்தளத்தில் புது அறை. காய்ந்த சுவர், மெத்தை வைத்த நாற்காலி. மனைவி வந்து பார்த்து, நாற்காலியை அழுத்திப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

முதல் நாளே ஒரு மனு கருத்துரைக்கு வந்தது. அவருடைய இருபதாவது மனுதான். 'உடனே சரிசெய்க' என்று எழுதப் பேனாவை எடுத்தார்.

மேலதிகாரி பதறினார். "பதில் எழுதாதீங்க! கோச் பதில் சொன்னா அந்தப் பதவியே இருக்காது. கேள்வி மட்டும்தான்."

அவர் பேனாவோடு நாற்காலியில் சாய்ந்தார். நாற்காலி மெத்தென்று இருந்தது. எழுதினார்: 'இக்கூரை ஒழுகுவதாக மனுதாரருக்கு ஏன் தோன்றுகிறது?'

மனுதாரர் அவரே என்பதால், பதிலும் அவருக்குள்ளேயே இருந்துவிட்டது.

அன்று மாலை பெருமழை. பத்தாவது இடம் விழுந்தது. ஊரில் பாதிப்பேர் பிறக்காதவர்கள் ஆனார்கள். பதிவறைக்காரர் அவர்களில் ஒருவர், மேலதிகாரி இன்னொருவர்.

மறுநாள் வாசலில் தெருமுனை வரை வரிசை. கலவரம் வரும் என்று பயந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கோச் ஏற்பாடு செய்யப்பட்டிருப்பதாக அறிவித்ததும், கூட்டம் முண்டியடித்துப் படிவம் அ வாங்கியது. படிவத்தின் முதல் கட்டத்தில் பிறந்த தேதி கேட்டிருந்தது. சான்றிதழ் இணைக்க வேண்டும் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.