ஞாயிற்றுக்கிழமைச் சட்டியைச் சிறிதாக்கக் கோரி

அன்பு மகள் குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா நலம். நானும் நலம்தான், வேண்டியதைவிட எட்டு கிலோ கூடுதலாக நலம்.

பொருள்: ஞாயிற்றுக்கிழமைச் சமையலின் அளவைக் குறைத்தல் தொடர்பாக.

பார்வை: தங்கள் வெள்ளிக்கிழமைத் தொலைபேசி அழைப்புகள், இதுவரை முப்பத்து நான்கு.

பெற்ற பெண்ணுக்குப் பொருளும் பார்வையும் போட்டு எழுதுகிறாரே மனுஷன் என்று சிரிக்காதே. முப்பத்தொரு வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்த கை. ஓய்வு பெற்ற பிறகும் கைக்கு அது தெரியவில்லை. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன் மணி அடித்தாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். சொல்ல வேண்டிய விஷயமே அவளைப் பற்றியது. அதனால்தான் குளியலறைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஏதோ துணிக்கணக்கு எழுதுகிற பாவனையில் இதை எழுதுகிறேன்.

என் முழங்கால் விவகாரம் உனக்குத் தெரிந்ததுதான். ஒன்பது வாரத்துக்கு முன்பு எலும்பு டாக்டர் என்னை எடை பார்க்கும் மிஷினில் ஏற்றினார். நூற்றிரண்டு. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் நூற்றிரண்டு. “சார், இந்த எடைல புது முட்டி வெச்சா, முட்டி பாவம் சார். தொண்ணூத்தி நாலுக்கு வாங்க, நாலு மாசம் டைம் தர்றேன். அப்புறம் ஆபரேஷன், அப்புறம் நீங்க மாடிப்படி என்ன, மலையே ஏறலாம்” என்றார். எனக்கு மலை எதுவும் வேண்டாம். உன் வீட்டு மூன்றாவது மாடி போதும். போன வருடம் நானும் உன் அம்மாவும் ஆறு மணி நேரம் ரயிலில் வந்தோமே, லிப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தில் பதினாறு படி ஏறி, யாரோ ஒரு புண்ணியவானின் செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்துவிட்டேனே, நீ டம்ளரில் டீயை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த டீயோடு திரும்பி வந்தவன்தான். உன் அம்மா மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “சமையல் ரூம்ல ஜன்னல் பெரிசுங்க, வெளிச்சமா இருக்கு” என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ கல்யாணம் ஆகிப் போய் மூன்று வருடம் ஆகிறது. அந்த ஜன்னலை நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்கு அதைப் பார்க்க வேண்டும்.

எனவே வாயைக் கட்டினேன். டாக்டர் கொடுத்த அட்டவணையை பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். காலையில் ஓட்ஸ், மதியம் வேகவைத்த கோஸ், இரவு வேகாத வெள்ளரிக்காய். நடுவில் பசித்தால் தண்ணீர், மறுபடி பசித்தால் மறுபடி தண்ணீர். வீட்டுக்கு ஒரு எடை மிஷின் வாங்கினேன். முதல் வாரம் அது காட்டிய எண்ணைப் பார்த்ததும், இது கள்ள மிஷின் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஓய்வு பெறும்போது மற்றவர்களுக்கெல்லாம் கடிகாரம் கொடுத்தார்கள், எனக்கு மட்டும் ஐந்து கிலோ பித்தளை எடைக்கல் கொடுத்தார்கள் அல்லவா, அதைத் தூக்கி மிஷின் மேல் வைத்தேன். சரியாக ஐந்து. இறக்கி ஏற்றினேன், மூலைக்கு மூலை நகர்த்தி வைத்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து. என் சர்வீஸில் இப்படி ஒரு நேர்மையான மிஷினைப் பார்த்ததில்லை. தப்பு என் பக்கம்தான். திங்கள் முதல் சனி வரை ஒன்றரைக் கிலோ இறங்குகிறேன், ஞாயிறு ஒரே நாளில் அவ்வளவும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒன்பது வாரத்தில் நிகரமாகக் குறைந்தது இருநூறு கிராம். அதுவும் முடி வெட்டிக்கொண்ட வாரம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது மணிக்கு வெங்காயம் வதங்க ஆரம்பிக்கும். பிறகு மிளகு, பிறகு கோழி, பிறகு பாதி பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கு, எல்லாம் அந்தப் பெரிய சட்டிக்குள். நீ ஏழு வயதில் மேளம் அடித்து மூடியை நசுக்கினாயே, அதே சட்டி. நசுங்கின இடம் வழியாக மூன்று மணி நேரம் ஆவி வந்துகொண்டே இருக்கும். கதவைச் சாத்தினால் கதவிடுக்கில் வாசனை வருகிறது, போர்வையை இழுத்துப் போர்த்தினால் போர்வையிலேயே வாசனை வருகிறது. ஆறு நாள் கோஸ் தின்ற மனிதன் என்ன செய்வான், சொல். அட்டவணையில் ஞாயிறுக்கும் கோஸ்தான் போட்டிருக்கிறது என்று உன் அம்மாவிடம் காட்டினேன். “டாக்டருக்கும் ஞாயித்துக்கிழமை லீவுதானே” என்று சொல்லிவிட்டு, உனக்குப் பிடிக்கும் என்று பாலும் முட்டையும் சர்க்கரையும் அடித்து வேகவைக்கிறாளே ஒரு இனிப்பு, அதை வேறு அடுப்பில் ஏற்றினாள். அவள் இனிப்பைத் தொடமாட்டாள். உன் கிண்ணம் யாருக்குப் போகிறது என்பதை நீயே ஊகித்துக்கொள்.

இதில் வெளியில் வேறு மானம் போகிறது. காய்கறிக் கடைக்காரரை உனக்குத் தெரியும், ஒரு காலத்தில் கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைகிறது என்று நான் தராசைப் பறிமுதல் செய்தேனே, அவர்தான். அதை மறக்கிற ஜாதியில்லை. போன வாரம் நாலு பேர் நடுவில், “என்ன சார், வாரம் பூரா கோஸ், சனிக்கிழமை மட்டும் ரெண்டு கிலோ உருளைக்கிழங்கா?” என்றார். “பொண்ணும் மாப்பிள்ளையும் வர்றாங்க” என்றேன். “எட்டு மாசமா வர்றாங்களே சார், ஒரு நாள்கூட கண்ணுல படலையே!” என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அவரோ விடவில்லை, “ஏறி நில்லுங்க சார், மூட்டை போடற புது மிஷின், முத்திரையெல்லாம் சரியா இருக்கு, நீங்களே செக் பண்ணிக்கோங்க” என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். நூற்றிரண்டு என்று சிவப்பு எழுத்தில் தெருவுக்கே தெரிந்தது. கடமைக்காக, “மிஷின் சரியா இருக்குப்பா” என்று சொல்லி இறங்கினேன்.

இனி பார்வையில் கண்டுள்ள வெள்ளிக்கிழமை போனுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வார்டில் ஆள் இல்லை என்றால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள், உன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் நீங்கள் கடைசியாக வந்து போன பிறகு, இந்த எட்டு மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன் அம்மா, “ஞாயித்துக்கிழமை வர்றியா குட்டி?” என்று கேட்கிறாள், நீயும் “பார்க்கலாம்மா” என்கிறாய். அந்த ஒரு வார்த்தை போதும், பெரிய சட்டி அடுப்பேறிவிடும், நாலு பேருக்குச் சமையல். நாலு தட்டு. உங்கள் ஊரிலிருந்து வருகிற பதினொன்றே முக்கால் வண்டி வந்து போன சத்தம் கேட்டதும் ஜன்னலுக்குப் போவாள். வெந்து தயாராக இருக்கிற சோற்றை, “இன்னும் வேகலைங்க, கொஞ்சம் பொறுங்க” என்பாள். ஒன்றேகால் வரை அது வேகாது. அடுத்த வண்டியும் போன பிறகுதான், “சரி, நாம சாப்பிடலாம்” என்பாள். இரண்டு தட்டைத் திரும்ப அலமாரியில் வைப்பாள். ஒரு ஞாயிறு அவள் குளிக்கப் போன நேரத்தில் சட்டியைத் தூக்கி மிஷினில் வைத்து, வெறும் சட்டி எடையைக் கழித்துப் பார்த்தேன். மூன்று கிலோ முந்நூறு. அதில் அவள் சாப்பிட்டது முந்நூறுகூட இருக்காது.

மிச்சத்தை பிரிட்ஜில் வைக்கலாமே என்று நீ கேட்பாய். ஆரம்பத்தில் அப்படித்தான் வைத்தோம். இரண்டு டப்பாவில் போட்டாள், ஒன்றில் கோழிக் காலாகப் பொறுக்கி உனக்கு, இன்னொன்றில் அடிப்பிடித்த வெங்காயமாகச் சுரண்டி மாப்பிள்ளைக்கு. “அவருக்கு இந்த அடிதான் உசிரு” என்று சொல்லிக்கொண்டே மூடினாள். புதன்கிழமை வரை டப்பா இரண்டும் அப்படியே இருந்தன. புதன் மதியம் சமையலறையில் நின்றுகொண்டே, சூடுகூடப் பண்ணாமல், தனியாக அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை குட்டி. அடுத்த ஞாயிறிலிருந்து “இன்னும் கொஞ்சம் போடு” என்று சொல்ல ஆரம்பித்தேன். அதைக் கேட்டதும் அவள் முகம் எப்படி ஆகிறது தெரியுமா? சட்டி காலியாகும் வரை கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்பு என் எடை தொண்ணூற்று நாலு. ஆக, டாக்டர் குறைக்கச் சொல்கிற எட்டு கிலோவில் ஒரு கிராம்கூட என்னுடையது இல்லை, அவ்வளவும் உங்கள் இருவருடையது.

எனவே என் கோரிக்கை இதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கேட்கும்போது, “பார்க்கலாம்மா” என்று இழுக்காமல், “வர முடியாதும்மா” என்று ஒரே போடாகப் போட்டுவிடு. அவள் பரண்மேல் இருக்கும் சின்னச் சட்டியை இறக்கிவிடுவாள், நான் தப்பித்துக்கொள்வேன். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. தொண்ணூற்று நாலுக்கு வந்து, முட்டியை மாற்றிக்கொண்டு, உன் வீட்டு நாற்பத்தெட்டுப் படியையும் ஏறி, அந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும். ஆவன செய்வாய் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். இரவு ஷிப்டில் வெறும் வயிற்றோடு நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(தராசு முத்திரை ஆய்வாளர், ஓய்வு)

பின்குறிப்பு: மேலே உள்ளதை வியாழக்கிழமை எழுதி, தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை நான் கேட்காமலேயே நீ, “டூட்டி போட்டுட்டாங்கம்மா, இந்த வாரம் வர முடியாது” என்று தெளிவாகச் சொல்லிவிட்டாய். உன் அம்மா “சரிடா கண்ணு” என்று போனை வைத்தாள். சனிக்கிழமை சின்னச் சட்டியை இறக்கி, பெரிய சட்டியைத் துடைத்து, பழைய துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். நேற்று வெங்காயம் பத்தரைக்குத்தான் வதங்கியது. பதினொன்றே முக்கால் வண்டி போனபோது அவள் ஜன்னல் பக்கம் போகவே இல்லை, எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். சோறு நேரத்துக்கு வெந்திருந்தது. இனிப்புக் கிடையாது. பழக்கத்தில் “இன்னும் கொஞ்சம் போடு” என்றேன். சட்டியைச் சாய்த்துக் காட்டி, “தீர்ந்துடுச்சுங்க” என்றாள். பன்னிரண்டரைக்கெல்லாம் பாத்திரம் கழுவி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை போகவே மாட்டேன் என்றது.

இன்று காலை எடை நூறு புள்ளி நாலு. முதல்முறையாக இறங்கினது இறங்கினபடியே நின்றிருக்கிறது. அவளைக் கூப்பிட்டுக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. சரியான எடையைப் பார்த்து நான் வருத்தப்பட்டது சர்வீஸிலேயே இதுதான் முதல் தடவை.

ஆகவே மேற்கண்ட கோரிக்கை ரத்து. டாக்டரிடம் இன்னும் கொஞ்சம் டைம் கேட்டுக்கொள்கிறேன், உன் படிக்கட்டு எங்கும் ஓடிவிடாது. முடிந்தால் ஒரு ஞாயிறு நீங்களே வந்து உங்கள் பங்கைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், என் எடை தானாக இறங்கும். முடியாவிட்டால் பரவாயில்லை, வெள்ளிக்கிழமை “பார்க்கலாம்மா” என்று மட்டும் சொல்லிவிடு. பெரிய சட்டியை இப்போதுதான் நானே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கி வைத்தேன். ஏறினதை அம்மாவிடம் சொல்லாதே.